ஆரஞ்சு வானத்தைச் சாம்பலாக்கிய கைபேசிகள்

[காட்சி: புகை சூழ்ந்த சான் பிரான்சிஸ்கோ]

2020 செப்டம்பர் 9 அன்று, கலிபோர்னியாவின் காட்டுத்தீப் புகை மேலே திரண்டு நின்றதால், சான் பிரான்சிஸ்கோ நகரின் வானம் நண்பகலிலும் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அதைப் படமெடுத்த பலருடைய கைபேசித் திரையில் தெரிந்ததோ வெளிறிய சாம்பல் வானம். கைபேசி பழுதாகவில்லை, தனக்கு இடப்பட்ட வேலையைத்தான் செய்தது.

ஒரு காட்சி முழுவதிலும் ஒரே நிறம் மேலோங்கினால், அது வெளிச்சத்தின் சாயலாகத்தான் இருக்க வேண்டும் என்று கொண்டு, கேமராவில் நிறச்சாயலைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அதைக் கழித்துவிடுகிறது. குண்டு பல்பின் மஞ்சள் ஒளியிலும் வெள்ளைச் சட்டை ஏறத்தாழ வெள்ளையாகவே பதிவாவது இந்தக் கணக்கினால்தான். ஆனால், எந்தச் சாயலைக் கழிக்கக் கூடாது என்பதை அந்தக் கணக்கு அறியாது. அன்று ஒயிட் பேலன்ஸைத் தாங்களே பகலொளிக்கு நிலைநிறுத்தியவர்களுக்குக் கண்ட நிறம் கிடைத்தது.

[காட்சி: பழைய பெட்டிக் கேமரா, முக்காலி]

இதற்கு எதிர்முனையாக, 1941இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலவெழுச்சிப் படத்தைச் சொல்வார்கள். கல்லறைச் சிலுவைகளின் மேல் மாலை வெயில் மறையப்போகும் நேரத்தில், ஒளியை அளக்கும் லைட் மீட்டர் அவருக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வர, அதிலிருந்தே கணக்கிட்டு, லென்ஸின் துவாரத்தை எஃப் 32 என்ற மிகச் சிறிய அளவில் வைத்து 1 நொடி ஒளிபட விட்டார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது.

இதைக் கருவியை மனிதன் வென்ற கதையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மீட்டர் கையில் இருந்திருந்தால் அவர் அதையே பயன்படுத்தியிருப்பார். அவர் போட்டதும் கணக்குதான். படைப்பு வேலையின் பெரும்பகுதி அதன் பிறகு, ஃபிலிமைக் கழுவிப் பிரதியெடுக்கும் இருட்டறையில் நடந்தது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிக்கரைசலில் அடர்த்தியாக்கினார். தொடக்ககாலப் பிரதிகளில் மேகக்கீற்றுகள் தெரியும் வானம், பிற்காலப் பிரதிகளில் ஏறக்குறைய முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றே, வானம் எவ்வளவு இருள வேண்டும் என்ற முடிவை மட்டும் அவர் பல ஆண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார்.

[காட்சி: கைபேசியின் கேமரா அமைப்புகள்]

இன்றைய கைபேசி, பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து ஒன்றாக்கி, நிழலைத் தூக்கி, மிகுவெளிச்சத்தை அடக்கி, அந்த இருட்டறை வேலையில் ஒரு பகுதியைத் தானே முடித்துவிடுகிறது. அதில் செயல்படும் ரசனை அதை வடிவமைத்தவர்களுடையது. திருத்தப்படாத மூலப்பதிவான ரா கோப்பாகச் சேமிக்கும் வசதியுள்ள கைபேசிகளில், நிறத்தையும் இருளையும் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை நாம் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்த வசதி வழக்கமாக அமைப்புகளுக்குள்ளே அணைத்துவைக்கப்பட்டிருக்கும்.