மீதி 3

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் கூட்டல் போட்டிருப்பீர்கள். கடைசி வரிசையைக் கூட்டினால் 34. நாலைக் கீழே போட்டு, மீதி 3-ஐ அடுத்த வரிசையின் தலையில் பொடியாகக் குறிப்போம். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு அந்தப் பொடி எழுத்து பிடிக்காது. "மனசில வச்சுக்கடா" என்பார். எனக்கு நின்றதே இல்லை.

1949-இல் கேம்பிரிட்ஜ் கருத்தரங்கு ஒன்றில் கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் இந்தக் கூட்டலைத்தான் எடுத்துக்கொண்டார். ஐந்து எண்கள், விடை 26104. விடையை மட்டும் நீட்டினால், சரிபார்ப்பவர் முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். மீதிகளும் இருந்தால் வரிசை வரிசையாகப் பார்த்துவிடலாம். கணினி நிரலிலும் இப்படி இடையிடையே குறித்து வையுங்கள் என்றார்.

சி என்ற நிரல் மொழியில் அந்த மீதிதான் அசர்ட். 'இந்த வரிக்கு வரும்போது இது உண்மை' என்று எழுதிவைப்பது. பொய்யானால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்டாட்டிக் அனலைசர் என்ற கருவி நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சொல்லும். ஆனால் பிறர் நிரல்கள் பயன்படுத்த நாம் எழுதிவைக்கும் லைப்ரரியை யார், எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அதற்குத் தெரியாது. நான் எழுதிய ஒரு பட்டியலில், நீளம் பூஜ்ஜியமாக இருந்தால் மட்டுமே பாயின்டர், அதாவது நினைவக முகவரி, எதையும் சுட்டாத 'நல்' (null) ஆக இருக்கும். அது என் மனசில் இருந்தது. பாருங்கள், மறுபடி மனசில்! அனலைசர் 'நல் வரலாம்' என்று கத்தியது. எரிச்சலில் ஓர் இஃப் நிபந்தனை போட்டு, நல் என்றால் பேசாமல் திரும்பிவிடு என்று எழுதினேன். கத்தல் நின்றது, உண்மையிலேயே நல் வந்தால் அந்தப் பிழையும் சத்தமில்லாமல் புதைந்திருக்கும். பிறகு இஃபை எடுத்துவிட்டு அசர்ட் போட்டேன். பொய்யானால் அதற்கு மேல் வழியே இல்லை என்று அனலைசருக்கும் புரிந்தது.

தெம்பு வந்து இன்னொன்று செய்தேன். பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும் வேலையையே அசர்ட்டின் அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டேன். சோதனையில் ஓடியது. வெளியீட்டுக்கு என்டீபக் (NDEBUG) என்ற குறியைப் போட்டுக் கம்பைல் செய்தோம். அது போட்டால் அசர்ட் காணாமல் போகும். உள்ளே இருந்த வேலையும் கூடவே போயிற்று. மூன்று நாள் தேடினேன். பார்ப்பதை மட்டும் அசர்ட்டுக்குள் வையுங்கள், செய்வதை வெளியே வையுங்கள். இன்னொன்று, அனலைசரையும் என்டீபக்கோடு ஓட்டாதீர்கள். அதன் கண்ணிலும் அசர்ட் படாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆயிரக்கணக்கான அசர்ட்டுகளோடு எழுதப்பட்ட, உங்கள் கைப்பேசிக்குள் இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: நெட்வொர்க்கிலிருந்தோ கோப்பிலிருந்தோ வருவதற்கு அசர்ட் போடாதீர்கள், அது தவறாகவும் வரலாம், அங்கே இஃப்தான். வணக்கம்.