தாயின் பிறந்தகப் பெயர் ஒரு ரகசியமா?

[திரையில்: டப்ளின் நகரின் பழைய பிறப்புப் பதிவேட்டுப் பக்கம்]

வணக்கம். அயர்லாந்து அரசு, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளின் அட்டவணையை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றித் தேடும் வகையில், 2014 ஜூலையில் தனது ஐரிஷ் ஜீனியாலஜி இணையதளத்தில் ஏற்றியது. முன்னோரைத் தேடுவோர் மகிழ்ந்து முடிப்பதற்குள், அதே மாதத்தில் அது நீக்கப்பட்டது. உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியும், தாயின் பிறந்தகக் குடும்பப் பெயரும் அதில் தெரிந்ததால், தரவுப் பாதுகாப்பு ஆணையர் கடுமையாக ஆட்சேபித்திருந்தார்.

தகப்பனார் பெயரை இனிஷியலாக இட்டுக்கொள்ளும் நமக்கு, வங்கிப் படிவங்களில் தாயின் பிறந்தகப் பெயரைக் கேட்பது புதிராகவே இருந்திருக்கும். மணமான பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிய நாடுகளில், பழைய பெயர் வெளியாருக்குத் தெரியாது என்று நம்பி, தொலைபேசியில் பேசுபவர் உண்மையான வாடிக்கையாளர்தானா என்று சோதிக்க வங்கிகள் அதைக் கேட்டுவந்தன.

[திரையில்: ஆய்வு அறை, அடுக்கிய பேரேடுகள்]

ஆனால் அது ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. அட்டவணை சட்டப்படி பொது ஆவணம். டப்ளினில் உள்ள பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் ஆய்வு அறையில் கட்டணம் செலுத்தி எவரும் அதைப் புரட்டலாம். நேரில் சென்று பக்கம் பக்கமாகத் தேட வேண்டிய அந்தச் சிரமமே காவலாக இருந்தது. இணையத்தின் தேடுபெட்டி அக்காவலை அகற்றிவிட்டது. ஊரறிந்த பெயரைக் கடவுச்சொல்லாக்கியது வங்கிகளின் பிழை என்பதே என் கருத்து. எனினும் விலை கொடுத்தவை பதிவேடுகள்தான்.

2016-இல் பதிவுகள் திரும்பின: பிறப்பு 100 ஆண்டுகளுக்கும், திருமணம் 75 ஆண்டுகளுக்கும், இறப்பு 50 ஆண்டுகளுக்கும் முந்தையவை மட்டும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இறந்தவர்களுக்குப் பொருந்தாது என்பதால், கடைசி வரம்புக்கு வலுவான நியாயம் எனக்குத் தென்படவில்லை.

இன்னொரு தரப்பினரையும் இங்கே சொல்லியாக வேண்டும். அயர்லாந்தில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களுக்குத் தமது அசல் பிறப்புச் சான்றிதழைப் பெறும் சட்ட உரிமை நெடுங்காலம் இல்லை. பெற்ற தாயின் அந்தரங்கம் அதற்குத் தடையாகக் காட்டப்பட்டது. அதனால் அவர்களில் பலர், தம் பிறந்த தேதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அன்று பிறந்த குழந்தைகளின் பெயர்களை இதே அட்டவணையில் ஒவ்வொன்றாகச் சலித்துத் தம் தாயைத் தேடினார்கள். பிறப்புத் தகவல் மற்றும் தடமறிதல் சட்டம் 2022-இல் நிறைவேறி, அவ்வாண்டு அக்டோபரில் விண்ணப்பங்கள் பெறப்படும் வரை, பலருக்கு அந்த ஆய்வு அறையே வழியாக இருந்தது.