விரதத்தில் சேராத கைப்பேசி

நேயர்களுக்கு வணக்கம். புரட்டாசி பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் வீடுகளில் இறைச்சிச் சட்டிகள் அலமாரிக்குள் போய்விடுகின்றன. மற்ற மாதங்களில் சனிக்கிழமைதோறும் இறைச்சி சுடும் பிராய் அடுப்பைச் சுற்றிக் கையில் குவளையோடு நிற்பவர்களில் பலரும் அந்த மாதம் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை. ஆனால் டர்பன் தெருக்களில் பல ஆண்டுகளாகப் பிறருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வருகிற நான், புரட்டாசியிலும் பக்கத்து வண்டிக்காரரின் தலை மடியை நோக்கிக் குனிந்திருப்பதைத்தான் பார்க்கிறேன். நெற்றியில் திருநீறும் இடது கையில் கைப்பேசியுமாக அவர் போகிறார். குடிக்கவில்லை என்பதால் தம்மால் யாருக்கும் ஆபத்து வராது என்று அவர் நம்புகிறார்.

குடித்துவிட்டு ஓட்டுவதையும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவதையும் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நாற்பது பேரைச் செயற்கை ஓட்டுக்கருவியில் அமர்த்தி, ஒரு முறை கைப்பேசியில் பேசவைத்தும், இன்னொரு முறை இரத்தத்தில் மது 0.08 விழுக்காட்டை எட்டும்வரை குடிக்கவைத்தும் ஓட்டச் செய்தார்கள். குடித்தவர்கள் முன்வண்டியை நெருக்கி ஓட்டி, பிரேக்கை ஓங்கி மிதித்தார்கள். பேசியவர்களோ தாமதமாக மிதித்தார்கள். முன்வண்டியில் மோதிய மூவரும் பேசிக்கொண்டிருந்தபோதுதான் மோதினார்கள். கையில் பிடித்துப் பேசியதற்கும் பிடிக்காமல் பேசியதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இதில் யாரும் செய்தி தட்டவில்லை, வெறும் பேச்சுத்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். தட்டினால் என்ன ஆகும் என்று பிரிட்டனின் போக்குவரத்து ஆராய்ச்சிக்கூடம் 2008-இல் இளம் ஓட்டுநர்களை வைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய எதிர்வினை 35 விழுக்காடு தாமதப்பட்டது. அந்நாட்டுச் சட்ட வரம்பு அளவுக்குக் குடித்தவர்களுக்குக் கிடைத்த தாமதம் 12 விழுக்காடு.

இந்த எண்களைக் கேட்டவுடன், செய்தி தட்டுகிறவன் குடிகாரனைவிட மூன்று மடங்கு மோசம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 35 விழுக்காடு, விரல் திரையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும் உரியது. மதுவோ புறப்பட்ட இடத்திலிருந்து வீட்டு வாசல்வரை கூடவே வருகிறது, உடல் அதைக் கரைக்க மணிக்கணக்கு ஆகிறது. நம் நாட்டுச் சாலைகளில் மது பறிக்கும் உயிர்களை இந்த ஒப்பீட்டால் குறைத்துப் பேசினால் அது பெரும்பிழை. ஆனால் ஒன்று இருக்கிறது: குடித்தவன் சாவியை எடுக்கும்போது அவனுடைய தீர்மானிக்கும் திறன் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது. கைப்பேசிக்காரர் தெளிந்த மூளையோடு, ஒவ்வொரு அதிர்வுக்கும் ஒரு முறை, புதிதாகத் தீர்மானிக்கிறார்.

என்னிடம் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பது வயது, நல்ல கை, மது வாடையே அறியாத பிள்ளை. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ரோபாட்டை, அதாவது போக்குவரத்து விளக்கை, நெருங்கிக்கொண்டிருந்தோம். விளக்கு மாறியதால் முன்னால் போன பக்கி என்னும் சிறு சரக்கு வண்டி வேகத்தைக் குறைத்தது. கியருக்குப் பக்கத்துக் குழியில் கிடந்த அவளுடைய கைப்பேசி ஒரு முறை ஒளிர்ந்தது. அவள் கையைக்கூட அசைக்கவில்லை, கண்ணை மட்டும் தாழ்த்தினாள். என் காலுக்கடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நான் மிதித்தபோது, பக்கியின் பின்பலகையில் ஒட்டியிருந்த காய்ந்த சேறு எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன், அங்கிள்" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்ததாகவே அவளுக்குத் தோன்றியிருக்கிறது. திரையில் இருந்தது அவள் அம்மாவின் செய்தி: வரும்போது ரொட்டி வாங்கி வா.

அமெரிக்காவின் வர்ஜினியா டெக் ஆய்வாளர்கள், கனரக லாரிகளுக்குள் கேமரா பொருத்தி, 2009-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். செய்தி தட்டும் ஓட்டுநர், விபத்தையோ விபத்தின் விளிம்பையோ ஒட்டிய ஆறு வினாடிகளில் 4.6 வினாடி சாலையைப் பார்க்கவில்லை. கவனம் சிதறாமல் ஓட்டுவதோடு ஒப்பிட்டால் அவருக்கு நேரும் ஆபத்து 23 மடங்கு. ஊருக்குள் 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 4.6 வினாடியில் வண்டி ஏறத்தாழ 77 மீட்டர் ஓடுகிறது. துறைமுக லாரிகள் வரிசைகட்டும் என்3 சாலையில், 120 கிலோமீட்டர் வேகத்தில், 153 மீட்டர்.

சட்டம் இரண்டையும் தடுக்கிறது, ஆனால் ஒரே கண்டிப்போடு அல்ல. 1996-ஆம் ஆண்டுத் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் மதுவை எட்டக்கூடாது என்கிறது. தொழில்முறை ஓட்டுநருக்கு வரம்பு 0.02. ஓட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் எடுத்துவிட்டால் சான்று கிடைத்துவிடும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை 308ஏ விதி தடுக்கிறது, வண்டியில் பொருத்தியதை அனுமதிக்கிறது. ஆனால் படித்த செய்தி இரத்தத்தில் ஊறுவதில்லை; காவலரைக் கண்டதும் கைப்பேசி இருக்கைக்கு அடியில் போய்விடுகிறது, அத்தோடு முடிந்தது.

வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் படியுங்கள் என்று வெளிநாட்டு அறிவுரைகள் சொல்கின்றன. இருட்டிய பிறகு எந்த ஓரத்தில் நிறுத்துவது? இந்த ஊரில் வாழ்கிறவர்களுக்கு அந்த அச்சம் தெரியும். ரோபாட்டில் நிற்கும்போதே கண்ணாடியை உடைத்துக் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதனால் நான் மாணவர்களுக்குச் சொல்வது, ஆட்கள் வேலை செய்யும் பெட்ரோல் நிலையத்துக்குள் போய் நிறுத்துங்கள், அதுவரை கைப்பேசி ஒலியடங்கிப் பின்பெட்டியில் கிடக்கட்டும் என்பதுதான். பின் இருக்கை போதாது; கை அங்கும் நீளும், என் கையும் ஒரு காலத்தில் நீண்டிருக்கிறது.

அதே அச்சம்தான் வீட்டில் இருப்பவர்களையும் செய்தி அனுப்ப வைக்கிறது. பிள்ளை புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆனதும் "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறோம், பதில் வராவிட்டால் கலங்கி, மறுபடியும் கேட்கிறோம். கலக்கம் நியாயமானது. ஆனால் நமக்கு வரும் பதில் ஓடும் வண்டியில் தட்டப்பட்டது என்பதையும், அதைத் தட்டவைத்தவர்கள் நாம் என்பதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து கிளம்பும் மாமாவிடம், குடித்திருக்கிறீர்களா என்று கேட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளும் துணிச்சல் இன்று நம் பிள்ளைகளுக்கு வந்திருக்கிறது. அதே மாமா ஓட்டிக்கொண்டே வாட்ஸ்அப் பார்த்தால், பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறார்கள்.

இந்த உரைக்காக இன்று காலை வானொலி நிலையத்துக்கு வரும் வழியில், பின்பெட்டியில் கிடந்த என் கைப்பேசியை மறந்தே போயிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தபோது மூன்று செய்திகள் வந்திருந்தன. மூன்றும் என் மனைவி அனுப்பியவை, மூன்றிலும் ஒரே கேள்வி: "போய்ச் சேர்ந்தாயிற்றா?"