அடங்காத பசியும் அடங்காத கோபமும்

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

"குண்டாக இருக்கிறவர்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது, சொன்னால் கோபம் மட்டும் பொத்துக்கொண்டு வரும்." இப்படி நாம் வெகு சாதாரணமாகப் பேசிவிடுகிறோம். அந்தப் பேச்சு குழந்தைகள் காதில் விழுகிறது என்பதுதான் என் வருத்தம்.

1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் உறவுமுறையான இரண்டு குழந்தைகள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பிறந்தபோது இருவருக்கும் சாதாரண எடைதான். சில மாதங்களிலேயே தீராப் பசி தொடங்கிவிட்டது. இந்தக் கோளாறுள்ள பிள்ளைகள் சாப்பாடு கிடையாது என்றால் அலறுவார்கள், அடிக்கப் பாய்வார்கள். நம் தெருவில் நடந்திருந்தால் வளர்ப்புச் சரியில்லை என்றுதானே சொல்லியிருப்போம்?

ஸ்டீபன் ஓ'ராஹிலியும் சதாஃப் ஃபாரூக்கியும் இருந்த அந்தக் கேம்பிரிட்ஜ் குழு அக்குழந்தைகளின் மரபணுவைப் படித்துப் பார்த்தது. லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. உடம்பிலுள்ள கொழுப்பு சுரக்கும் ஹார்மோன் அது. "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. அது இல்லாததால், அத்தனை கொழுப்பு இருந்தும் மூளை பட்டினி என்றே நினைத்தது. பட்டினி கிடக்கும் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

இதே குறையுள்ள ஒரு சிறுவனுக்கு மூன்று வயதில் 42 கிலோ. ஒரே வேளையில் 1,100 கலோரிக்கு மேல் சாப்பிட்டவன், லெப்டின் ஊசி தொடங்கிய சில நாட்களில் 180 கலோரியோடு எழுந்துவிட்டான். நாலு வருடம் கழித்து எடை 32 கிலோ. சாப்பாட்டுக்காகப் போட்ட சண்டையும் போயிற்று. அவனுக்கு யாரும் ஒழுக்கம் போதிக்கவில்லை, விட்டுப்போன ஹார்மோனைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இத்தகைய குழந்தைகள் உலகில் மிகச் சிலரே. பெரும்பாலோரின் பருமனில் நூற்றுக்கணக்கான மரபணுக்களுக்குச் சிறு சிறு பங்கு உண்டு. நாம் உண்பதும் உறங்குவதும் அதோடு சேர்கின்றன. அந்த மரபணுக்களில் பல வேலை செய்யும் இடம் மூளை. பசியும் மனநிலையும் அங்கே எவ்வளவு நெருக்கமானவை என்பதை ரிமோனபான்ட் மாத்திரை காட்டிவிட்டது. பசியைக் குறைக்க 2006-இல் ஐரோப்பாவில் வந்தது அது. எடை குறைந்தது. ஆனால் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-இல் விற்பனையை நிறுத்தினார்கள். இந்தியாவிலும் பின்னர் தடை வந்தது. அந்த மாத்திரை தடுத்தது மூளையிலுள்ள சில ஏற்பிகளை, அதாவது வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் புரதங்களை. பசியைத் தூண்டும் அதே ஏற்பிகளுக்கு மகிழ்ச்சியிலும் பங்கிருந்தது.

மரபணு எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பருத்த பிள்ளையின் சோர்வில் பாதி, வகுப்பறையில் விழும் பட்டப்பெயரால் வந்ததாக இருக்கலாம். அதை நிறுத்த எந்த ஊசியும் தேவையில்லை, நாம் போதும்.

ஐந்து வயதுக்குள் எடை வேகமாக ஏறி, எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்காத குழந்தை உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இருந்தால், திட்டாதீர்கள். ஹார்மோன் நோய் நிபுணரிடம் கூட்டிச் செல்லுங்கள். மரபணுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். இந்த வகைக் கோளாறுகள் சிலவற்றுக்கு 2020 முதல் செட்மெலனோடைட் என்ற மருந்தும் இருக்கிறது.