முளையில் தெரியாத பயிர்

(மலேசியாவின் சுங்கை சிப்பூட், ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)

மாண்புமிகு டத்தோ அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, மகளிர் பிரிவுச் சகோதரிகளே, தேநீருக்கு முன்பே வந்துவிட்ட இளைஞர்களே, வணக்கம்.

கருவில் இரத்தம் எங்கே பிறக்கிறது, எப்படி முதிர்கிறது, தாய் என்ன உண்ண வேண்டும் என மூன்று செய்திகளைச் சொல்ல ஒப்புக்கொண்டேன். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று எல்லா மேடையிலும் சொல்பவன் நான், இன்றும் விடமாட்டேன்.

மூன்றாம் வாரத்தில், கருவுக்கு வெளியே இருக்கும் கருவுணவுப் பையில் முதல் சிவப்பணுக்கள் தோன்றுகின்றன. உருவில் பெரியவையான அவை உட்கருவோடுதான் இரத்த ஓட்டத்தில் இறங்குகின்றன. பிறகு அவ்வேலை கல்லீரலுக்கும், பிறப்பு நெருங்கும்போது எலும்பு மஜ்ஜைக்கும், பிழைப்புக்காகத் தோட்டம் மாறும் குடும்பம் போல இடம்பெயர்கிறது. அங்கெல்லாம் ஒரு விழுங்கணுவைச் சுற்றி இளம் அணுக்கள் மொய்த்து வளர்கின்றன. முதிரும் அணு சுருங்கிய தன் உட்கருவைப் பிதுக்கி வெளியே தள்ள, விழுங்கணு அதைத் தின்றுவிடுகிறது. பறவையின் சிவப்பணுவோ கடைசிவரை உட்கருவைச் சுமந்தே திரிகிறது.

சிவப்பணுவில் உயிர்வளியைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினும் மாறுகிறது. காமா என்னும் புரதச் சங்கிலி கொண்ட சிசு ஹீமோகுளோபின், தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியை இழுத்துக்கொள்ளும் ஆற்றல் மிக்கது. பிறந்த சில மாதங்களில் காமா குறைந்து பீட்டா என்னும் சங்கிலி அவ்விடத்தைப் பிடிக்கிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இங்கேதான் பொய்க்கிறது. பீட்டாச் சங்கிலி சரியாக உருவாகாத பரம்பரை இரத்த நோயான கடும் பீட்டா தலசீமியா உள்ள குழந்தையும் பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். பீட்டா தேவைப்படும் மாதங்களில்தான் வெளிறத் தொடங்கும்.

என் உறவில் ஒரு பெண் பார்க்கும் படலம். தோட்டத்து வேலையை மேற்பார்த்த பழைய மண்டோரான தாத்தா, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, விரலை மடக்கி எண்ணி, பத்தில் எட்டுப் பொருத்தம் என்றார். இரத்தத்தையும் பார்த்துவிடலாமே என்றேன். "எங்கள் வம்சத்து இரத்தத்திலா குறை?" என்று வெற்றிலைப் பெட்டியை டொப்பென்று மூடினார். தேநீர்த் தட்டோடு வந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "தாத்தா, நான்காம் படிவத்திலேயே பள்ளியில் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். நான் தலசீமியா தாங்கி, அதாவது அந்நோயின் மரபணுவைச் சுமப்பவள். மாப்பிள்ளையும் பார்க்கட்டும்." மறுவாரமே மாப்பிள்ளை அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார், அவர் தாங்கி அல்லர். கல்யாண விருந்தில் தாத்தா பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

தாங்கிகள் பெரும்பாலும் நோயின்றி வாழ்பவர்களே. இருவரும் பீட்டா தலசீமியா தாங்கிகளானால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு கடும் நோய்க்கு உண்டு.

டத்தோ அவர்கள் புறப்பட வேண்டியிருப்பதால், தாயின் உணவு பற்றி இன்னொரு நாள் பேசுகிறேன். நிர்வாகத்திடம் ஒரே வேண்டுகோள்: இங்கே திருமணத் தேதி பதிய வருவோரிடம், தலசீமியாச் சோதனை செய்துவிட்டீர்களா என்று கேளுங்கள். முடிவை உங்களிடம் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் இருவரும் அறிந்தால் போதும்.