விளக்கைப் போட்டால் தம்பி விழித்துவிடுவான்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

பிள்ளைகள் நிறைய உள்ள குடும்பம் வேறு ஊருக்குக் குடிபெயரும்போது ஒரு கேள்வி வந்து நிற்கும். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் நெருக்கமான வீடா, சுமாரான பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தாராளமான வீடா? இரண்டும் ஒரே இடத்தில் கைக்கு எட்டுவது அபூர்வம். பள்ளியின் பெயர் வீட்டு விலையிலேயே ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்று பிரிக்கும் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளை ஒப்பிட்டு சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், அந்தப் பக்கத்து வீட்டுக்குப் பெற்றோர் சுமார் 2.5 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள்.

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். கூடுதல் வாடகை ஐந்து பேருக்கும் சேர்த்துத்தானே, தலைக்கு இவ்வளவுதான் வருகிறது என்று நானும் கணக்குப் போட்டேன். பேர்போன பள்ளிக்கு அருகே மூன்றே அறையுள்ள வீட்டுக்குப் போனோம். அப்போது மூத்தவளுக்கு 15 வயது.

ஒருநாள் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மாடிப்படியில் வெளிச்சம். மகள் சுவரில் சாய்ந்து, முழங்கால்மேல் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா இங்க உக்காந்திருக்க?" என்றேன். "உள்ள லைட் போட்டா தம்பி முழிச்சிடுவான்பா" என்றாள். அவள் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டொமினிக் கூ, எரிக் மோரன் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2005-இல் எழுதியது என்னை நிறுத்தி வைத்தது. பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கு, குடும்பம் பெரிதாக இருப்பதைவிட வீடு நெருக்கடியாக இருப்பதே காரணமாக இருக்கக்கூடும் என்றார்கள். பள்ளியைத் தேடி ஓடிய நான், படிப்பு நடக்கும் இன்னொரு இடத்தைக் கவனிக்கவே இல்லை.

எது நெருக்கடி என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அமைப்பு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. குடும்பத்துக்குப் பொதுவாக ஓர் அறை. தம்பதிக்கு ஒன்று. 18 வயது நிரம்பிய மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று. 12 முதல் 17 வயது வரை, இரு ஆண்பிள்ளைகளோ இரு பெண்பிள்ளைகளோ ஓர் அறையில் இருக்கலாம். ஜோடி சேராதவருக்குத் தனி அறை. 12 வயதுக்கு உட்பட்ட இருவருக்கு ஒன்று. எங்கள் வீட்டில் மூத்தவள், 13, 12 வயதில் இரண்டு பையன்கள், கடைக்குட்டிகள் இருவர். ஐந்து அறை வேண்டியிருந்தது. இருந்தது மூன்று.

அதற்காகப் பள்ளி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஏழ்மை மிகுந்த பகுதிகளிலிருந்து வேறு பகுதிகளுக்கு மாற 1990-களில் அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் குடும்பங்களுக்கு உதவினார்கள். ராஜ் செட்டி, நத்தானியேல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அந்தப் பிள்ளைகளின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து 2016-இல் எழுதினார்கள். 13 வயதுக்கு முன் ஏழ்மை குறைந்த பகுதிக்குப் போனவர்கள் இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அதற்குமேல் வயதானவர்களுக்குப் பலன் தெரியவில்லை; சற்றுப் பாதகமாகக்கூட இருந்தது. இது பள்ளியை மட்டும் பார்த்த ஆய்வல்ல, சுற்றுப்புறம் முழுவதையும் பார்த்தது. ஆனாலும் பெரிய குடும்பத்துக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. கடைக்குட்டிக்கு நல்லதாக அமையும் இடமாற்றம், மூத்தவளுக்கு அப்படி அமையாமல் போகலாம்.

ஆகவே "நம் குடும்பத்துக்கு எது நல்லது" என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னும் எத்தனை வருஷம் படிப்பு பாக்கி என்று எழுதிப் பாருங்கள். என் எண்ணம் இதுதான்: காலம் குறைவாக உள்ள பிள்ளைக்கு வேண்டியதை முதலில் கொடுங்கள். இரண்டே வருஷம் மிச்சமிருக்கும் பெண்ணுக்கு அமைதியான ஒரு மூலையும் நிம்மதியான தூக்கமும் வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நல்ல பள்ளி தேட இன்னும் அவகாசம் இருக்கிறது.

சுமாரான பள்ளி என்று ஊர் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். சராசரி மதிப்பெண்ணில் பள்ளியின் உழைப்போடு, அங்கே வரும் குடும்பங்களின் வசதியும் கலந்திருக்கிறது. நேரில் போங்கள். போன வருஷம் எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள், பின்தங்கும் பிள்ளைக்கு யார் உதவுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லா வகுப்பிலும் இடம் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சின்னவனுக்கு இடம் கிடைத்து நடுவிலானுக்குக் கிடைக்காமல் போனால், தினமும் காலையில் இரண்டு திசையில் ஓட வேண்டும். தூரத்துப் பள்ளி என்றால் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். போக 45 நிமிஷம், வர 45 நிமிஷம், வருஷத்துக்கு 200 நாள் என்றால் 300 மணி நேரம் வழியிலேயே போய்விடும்.

இரண்டாம் வருஷம் நாங்கள் ஐந்து அறை உள்ள வீட்டுக்கு மாறினோம். மூத்தவளின் பள்ளியை மட்டும் மாற்றவில்லை. கடைசி வருஷத்தில் அது கூடாது. மற்ற நால்வரும் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்தார்கள். அங்கே கடைக்குட்டிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

வீடு பார்க்கப் போகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில் யார் எங்கே உட்கார்ந்து படிப்பார்கள், யார் எங்கே தூங்குவார்கள் என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.