ஓடைகளோடு வீடு மாறினேன்

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து காலையில் பஸ் பிடித்து இந்தப் புதுச்சேரி வானொலி நிலையத்துக்கு வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் நான். போன மாதம் என் ஃபீடு ரீடரை மாற்றினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

ஃபீடு ரீடர் என்றால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். ஃபீடு என்பதைத் தமிழில் செய்தியோடை என்கிறார்கள், நல்ல சொல். பல இணையதளங்கள் தங்கள் புதுப் பதிவுகளின் பட்டியலை ஒரு சின்னக் கோப்பாக வைத்திருக்கும்; அதுதான் ஓடை. நம் ரீடர் அவ்வப்போது போய் அதை எட்டிப் பார்த்து, முன்பு இல்லாதது ஏதாவது இருந்தால் எடுத்து வந்து காட்டும். அவ்வளவுதான். ஆரஞ்சு நிறக் கட்டத்தில் ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளும் இருக்குமே, அதுதான் இதன் அடையாளம். பார்த்தால் வானொலி அலை மாதிரியே இருக்கும்! பாட்காஸ்ட் உங்கள் போனுக்கு வருவதும் இந்த வழியாகத்தான்.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனம் ஆர்எஸ்எஸ் என்ற இந்த முறையை வெளியிட்டதே ஒரு தொடக்கப் பக்கத்துக்காகத்தான், அதாவது இணையத்தைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கும் பக்கத்துக்காக. அவரவர் விருப்பப்படி செய்திகளை அடுக்கிக்கொள்ள, மை நெட்ஸ்கேப் என்று ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். அதனால் ரீடரையும் தொடக்கப் பக்கத்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்லலாம். 2005இல் கூகுள் இரண்டையும் தனித்தனியாகக் கொண்டு வந்தது. அதே ஆண்டு பாரிஸிலிருந்து நெட்வைப்ஸ் என்ற தொடக்கப் பக்கம் வந்தது. பாரிஸ் என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குப் பக்கத்துத் தெரு! 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டது, நவம்பர் 1 அன்று அதன் தொடக்கப் பக்கமான ஐகூகுள். ஆனால் ஓடைகள் வற்றவில்லை. அவை அந்தந்தத் தளங்களில்தானே இருக்கின்றன? போனது நாம் உட்கார்ந்து படித்த திண்ணை மட்டும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் பயன்படுத்திய சேவை, இலவசமாக இருந்த வசதிகளை ஒவ்வொன்றாகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காலை என் ஓடைகளில் பாதிக்கு மேல் பூட்டுப் போட்டிருந்தது. கிளம்பிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். ரீடர்களில் ஓபிஎம்எல் என்று ஒரு ஏற்றுமதி வசதி இருக்கும். நம் ஓடைகளின் முகவரிகள் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். அதைப் புது ரீடரில் ஏற்றினால் எல்லாம் பழையபடி வந்து உட்காரும். இது எனக்குத் தெரியாது! மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொரு முகவரியாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். பேத்தி வந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இம்போசிஷனா?" என்றாள். அப்புறம் அவளே இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுத்தாள்.

ஆனால் எழுதியதில் ஒரு லாபம் உண்டு. என்னிடம் இருந்தவை 112 ஓடைகள். அவற்றில் 40 தளங்கள் வருஷக்கணக்காக ஒன்றுமே எழுதவில்லை. அவற்றை விட்டுவிட்டேன். படிக்காதவை நாலாயிரம் என்று ஒரு எண் தினமும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. புது ரீடரில் முதல் வேலையாக அந்த எண்ணை மறைத்து வைத்தேன். பலகாரக் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் தின்றே தீர வேண்டும் என்று யாராவது அழுவார்களா?

ஓடை முகவரி கிடைக்கவில்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் நடக்கும் தளமாக இருந்தால், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் கிடைத்துவிடும். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. சில பத்திரிகைகள் மட்டும் தலைப்பும் இரண்டு வரியும் கொடுத்து, மீதிக்கு வீட்டுக்கு வா என்கின்றன. அவர்கள் பிழைப்பு அப்படி.

தொடக்கப் பக்கத்தில் எனக்கு நிறைய ஆசை இருந்தது. கடிகாரம், பஞ்சாங்கம், கிரிக்கெட் ஸ்கோர் என்று முதல் நாள் கொலு மாதிரி அடுக்கினேன். ஒரே வாரத்தில் பாதியைக் கழற்றிவிட்டேன். இப்போது இருப்பவை மூன்றே வரிசை. நடுவில் தமிழ்ச் செய்தி ஓடைகள், வலப்பக்கம் கணக்குப் புதிர் தளங்கள். இடப்பக்கம் முழுக்க வானிலை: சென்னை வானிலை மையத்தின் பக்கம், கடல் அலை எச்சரிக்கை தரும் இன்காய்ஸ் பக்கம், மழை பற்றி எழுதும் இரண்டு ஆர்வலர்களின் ஓடைகள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூரைச் சூழ்ந்ததும் உங்களுக்கு மறந்திருக்காது. அந்த இரண்டு நாளும் என் போனில் முந்தாநாள் செய்தியும் வதந்தியும் இன்றைய செய்தியும் கலந்து கலந்து வந்தன. எது எப்போது எழுதியது என்றே புரியவில்லை. என் ரீடரில் நேர வரிசைதான். புதியது மேலே, பழையது கீழே. வேறு சாமர்த்தியம் எதுவும் அதற்கு வேண்டாம்.

அந்த ஓபிஎம்எல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, பத்திரம், ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பரணுக்கு ஏறிவிடும். இந்த வருஷம் அந்தக் கவரில் பென்டிரைவையும் போட்டேன். "இதுல என்னங்க இருக்கு, நகையா?" என்று கேட்டாள் என் மனைவி. 72 ஓடை என்றேன். "வெளியில வர்ற தண்ணி போதாதா?" என்று கவரை இறுக்கிக் கட்டினாள்.

வணக்கம்.